பாஞ்சோ சுருதி சேரும் வரை பொறுங்கள்: ஆப்பலாச்சா மலைப் பாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வட கரோலினாவின் சார்லட்டில் எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அமெரிக்காவின் கிழக்கே நீளும் ஆப்பலாச்சா மலை இரண்டு மணி நேரத் தூரம்தான். அக்டோபரில் இலை நிறம் மாறும்போது எல்லோரையும் போலக் காரில் ஏறிப் போய், ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையில் நாலு இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, கட்டிக்கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவோம். அந்த மலைக்கென்று ஒரு பாட்டு இருக்கிறது, அதை இன்றைக்கும் இருபது வயதுப் பிள்ளைகள் புதிதாக எழுதிப் பாடுகிறார்கள் என்பது எனக்கு ஐந்தாவது வருடம்தான் தெரிந்தது. அதுவும் கூட வேலை செய்கிற ஒருவர் டிக்கெட் ஒன்று மிச்சம் இருக்கிறது வா என்று இழுத்துப்போனதால்.

சின்ன அறை. நாற்பது பேர் இருந்திருப்போம். மேடை என்று சொல்ல முடியாது, தரையிலிருந்து ஓரடி உயரம், அதில் ஒரு பெண், ஒரு பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடலும் நீளக் கழுத்தும் கொண்ட தந்தி வாத்தியம்), ஒரே ஒரு மைக். நான் இரண்டாவது வரிசை. நகம் தந்தியில் இறங்கிப் பட்டு, உடனே கட்டைவிரல் ஐந்தாவது தந்தியைத் தட்டிவிட்டுப் போகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. இயர்போனில் எத்தனை தடவை போட்டாலும் அந்த நகச் சத்தம் வராது.

அன்றிலிருந்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கே போவது, எப்படிப் போவது, நாம் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா என்று. தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பாடகர் பெரிய ஆளாகட்டும், அப்புறம் போய்க் கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். டைலர் சில்டர்ஸ் என்பவர் கிழக்குக் கென்டக்கியின் லாரன்ஸ் கவுண்டிக்காரர். சின்னச் சின்ன பார்களில் பாடிக்கொண்டிருந்தவர், லெக்சிங்டனில் ரெட் பார்ன் ரேடியோ என்ற சிறிய நிகழ்ச்சியில் பாடியவர். இன்று அதே லெக்சிங்டனில் ரப் அரீனாவில் பாடுகிறார், கடைசி வரிசையில் இருந்தால் அவரைத் திரையில்தான் பார்க்க வேண்டும். சியரா ஃபெரல் மேற்கு வர்ஜீனியாக்காரர், தெருவோரங்களில் பாடிக் காசு வாங்கியவர், 2025-ல் ஒரே இரவில் நான்கு கிராமி இசை விருது வாங்கினார். இவர்களைக் கையெட்டும் தூரத்தில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆள் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது, அதுதான் இதில் உள்ள சுவாரசியமே.

சரி, படிப்படியாக வருவோம்.

பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள்

‘ஆப்பலேஷியா’ என்று சொன்னால் வெளியூர் என்று உடனே தெரிந்துவிடும். மலையின் தென்பகுதியில், அதாவது இந்தப் பாட்டு வேர்விட்ட வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி, வட கரோலினா பக்கத்தில், ‘ஆப்பலாச்சா’ என்றுதான் சொல்வார்கள். ‘லாச்’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இது சின்ன விஷயம் இல்லை, அவர்களுக்கு இது கொஞ்சம் மானப் பிரச்சினை. ‘ஹில்பில்லி’ (மலைப் பட்டிக்காட்டான்) என்ற சொல்லை அவர்களே தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள், நாம் சொல்லக் கூடாது.

அடுத்தது இசை வகைகளின் பெயர். போஸ்டரில் ஓல்ட் டைம், புளூகிராஸ், ஃபோக், அமெரிக்கானா என்று எல்லாம் கலந்து போட்டிருப்பார்கள். பெரிதாகக் குழம்ப வேண்டாம். ஓல்ட் டைம் என்பது நடனத்துக்கு வாசித்த பழைய முறை. பிடில் மெட்டைச் சொல்ல, பாஞ்சோவும் கிடாரும் கூடவே ஓடும், ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், யாரும் தனியாக முன்னால் வந்து வித்தை காட்டுவதில்லை. புளூகிராஸ் அதிலிருந்து பிறகு வந்தது. பில் மன்ரோ என்ற மாண்டலின் கலைஞரின் குழுவில் 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு சேர்ந்த பிறகு அதற்கு இன்றைய உருவம் வந்தது என்பார்கள். இதில் ஆளுக்கு ஒரு சுற்றுத் தனியாக வாசிப்பார்கள், வேகம் அதிகம். அமெரிக்கானா என்பது இசைத் தொழிலில் இருப்பவர்கள் விரித்த பெரிய குடை. 1999-ல் அதற்கென்று ஒரு சங்கம் வந்தது, 2010 முதல் கிராமியில் தனி விருது. இளம் பாடகர்கள் ஒரே இரவில் இந்த மூன்றையும் வாசித்துவிட்டுப் போவார்கள், அதனால் வகை பார்த்து டிக்கெட் வாங்காதீர்கள்.

இது வெள்ளைக்காரர்களின் பாட்டு மட்டும்தானே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். சுரைக்குடுவையில் தோல் போர்த்தியதுதான் அதன் மூத்த வடிவம். இது நெடுங்காலம் மறக்கப்பட்டு, அல்லது மறக்கடிக்கப்பட்டு, இப்போது மீண்டு வருகிறது. 2005-ல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்கள் கூடினார்கள். அங்கே சந்தித்தவர்கள்தான் பாடகி ரியானன் கிடன்ஸும் நண்பர்களும், பிறகு கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவாகி, ஜோ தாம்சன் என்ற முதிய பிடில் கலைஞரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். சட்டனூகாவில் பிறந்த கறுப்பினப் பாடகி அமிதிஸ்ட் கயா, ஜான்சன் சிட்டியில் கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த இசையையே பாடமாகப் படித்து வந்தவர்.

நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். அப்புறம் பக்கத்து நாற்காலிக்காரர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார், சார்லட் என்று சொன்னால் அது இல்லை, அதற்கு முன்னால் எங்கே என்பார். மதுரை என்றதும் எங்கள் ஊரில் மலை உண்டா என்று ஒருவர் கேட்டார். அழகர் மலையைப் பற்றி இடைவேளை முழுக்கப் பேசினோம். எனக்கு நடந்தது இவ்வளவுதான். எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

எங்கே போவது

முதல்முறை போகிறவர்கள் பெரிய திருவிழாவில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. வில்க்ஸ்பரோவில் ஏப்ரல் கடைசியில் நடக்கும் மெர்ல்ஃபெஸ்ட், செப்டம்பரில் பிரிஸ்டலில் நடக்கும் ரிதம் அண்ட் ரூட்ஸ், ஆகஸ்டில் கேலக்ஸில் 1935 முதல் நடக்கும் பழைய பிடில் போட்டி எல்லாமே நல்லவைதான். ஆனால் பத்து மேடையில் எதைக் கேட்பது என்று ஓடி ஓடி, வெயிலில் வரிசையில் நின்று, கடைசியில் யாரையும் முழுதாகக் கேட்காமல் வீடு திரும்புவீர்கள். சின்ன இடத்தில் இரண்டு தடவை கேட்டுவிட்டு அப்புறம் திருவிழாவுக்குப் போனால் ருசி தெரியும்.

நான் எல்லோரையும் முதலில் அனுப்புவது வர்ஜீனியாவில் ஃபிளாய்ட் என்ற ஊருக்கு. ஒரே ஒரு போக்குவரத்து சிக்னல் உள்ள ஊர். அங்கே ஃபிளாய்ட் கன்ட்ரி ஸ்டோர் என்று ஒரு கடை, நிஜமாகவே மளிகை, மிட்டாய், துணி விற்கிற கடை, அதற்குள்ளேயே மேடையும் மரத்தரையும். வெள்ளிக்கிழமை இரவு ஜாம்போரி, அதாவது ஆட்டமும் பாட்டுமான கூட்டம். முதலில் கோஸ்பல் என்ற கிறிஸ்தவப் பக்திப் பாட்டு, அப்புறம் நடனத்துக்கு வாசிக்கும் குழுக்கள். ஷூவின் அடியில் தகடு வைத்த தாத்தாக்களும் பத்து வயதுப் பிள்ளைகளும் ஒரே தரையில் பிளாட்ஃபுட் ஆடுவார்கள். உடம்பு மேலே அசையாது, கால் மட்டும் தரையோடு பேசிக்கொண்டிருக்கும், ஆடுகிறவர் காலே ஒரு தாள வாத்தியம். யாராவது கூப்பிட்டால் ஆடுங்கள், தெரியாது என்றால் கேலி செய்ய மாட்டார்கள். கோடையில் கடைக்கு வெளியே நடைபாதையிலும் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள், அதற்குக் காசும் கிடையாது.

இரண்டாவது, ஹில்டன்ஸ் என்ற இடத்தில் உள்ள கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட். பிரிஸ்டலிலிருந்து கொஞ்ச தூரம்தான். கார்ட்டர் குடும்பம் என்ற பழைய பாட்டுக் குழுவின் ஏ.பி. கார்ட்டர், சாரா கார்ட்டரின் மகள் ஜேனட் 1974-ல் தொடங்கியது, சனிக்கிழமை தோறும் கச்சேரி. மது கிடையாது, மின் வாத்தியமும் கிடையாது. புகழ்பெற்ற பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள், அவர் மனைவி ஜூன் கார்ட்டர் அந்தக் குடும்பம் ஆயிற்றே. கேஷ் கடைசியாக மேடையேறியதும் இங்கேதான், 2003 ஜூலை 5. குழந்தைகளோடு போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பிரிஸ்டல் ஊரே ஒரு வேடிக்கை. ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற பிரதான வீதியின் நடுக்கோடுதான் மாநில எல்லை. ஒரு காலை வர்ஜீனியாவிலும் ஒரு காலை டென்னசியிலும் வைத்துப் படம் எடுக்காத ஆள் கிடையாது. 1927 கோடையில் ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து, டென்னசிப் பக்கத்தில் ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் உட்கார்ந்து கார்ட்டர் குடும்பத்தையும் பாடகர் ஜிம்மி ராஜர்ஸையும் பதிவு செய்தது இந்த வீதியில்தான். 2014-ல் திறந்த அருங்காட்சியகம் வர்ஜீனியாப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளேயே ரேடியோ பிரிஸ்டல் என்று ஒரு வானொலி, ‘ஃபார்ம் அண்ட் ஃபன் டைம்’ என்ற நேரடி நிகழ்ச்சி. புது ஆட்கள் நிறையப் பேரை அதில் கேட்கலாம்.

காசு செலவழிக்காமல் ருசி பார்க்க வேண்டும் என்றால் டென்னசியின் நாக்ஸ்வில். டபிள்யூடிவிஎக்ஸ் என்று ஒரு வானொலி, ஆரம்பத்தில் ஒரு கேம்பர் வண்டிக்குள்ளிருந்து ஒலிபரப்பிய நிலையம். அவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு ‘ப்ளூ பிளேட் ஸ்பெஷல்’ என்று நேரடியாக இலவசக் கச்சேரி நடத்துகிறார்கள். அடுத்த ஊருக்குப் போகிற வழியில் இளம் குழுக்கள் இங்கே இறங்கி அரைமணி நேரம் வாசித்துவிட்டுப் போகும். எங்கே, எந்த நாள் என்பதை அவர்கள் தளத்தில் அந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். ஜான்சன் சிட்டியில் 1976-லிருந்து இருக்கும் டவுன் ஹோம், மேற்கு வர்ஜீனியாவின் தாமஸ் என்ற குட்டி ஊரில் பர்ப்பிள் ஃபிடில், இரண்டும் கேட்பதற்கென்றே உள்ள அறைகள். அதே மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் மவுன்டன் ஸ்டேஜ் என்ற வானொலி நிகழ்ச்சி 1983 முதல் நடக்கிறது, இப்போது பாடகி கேத்தி மாட்டியா தொகுத்து வழங்குகிறார். ஒரே டிக்கெட்டில் நாலைந்து பேரைக் கேட்கலாம். பெயர் பெற்ற ஒருவருக்கு நடுவே யாருக்கும் தெரியாத ஒருவரை நுழைத்துவிடுவார்கள், கடைசியில் எல்லோரும் ஒன்றாக நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள்.

புது ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது

எளிய வழி, போஸ்டரில் சின்ன எழுத்தில் உள்ள பெயரைப் பாருங்கள். முதலில் பாடுகிறவர், ஓப்பனர். முக்கியப் பாடகரே தேர்ந்தெடுத்துக் கூட்டிவந்த ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஆட்கள் வழக்கம்போல ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் ஓப்பனரைத் தவறவிட்டு முக்கியப் பாடகருக்கு மட்டும் உட்காருவார்கள். அது பாதி டிக்கெட்டைக் கிழித்துப் போடுவது மாதிரி.

இன்னொரு வழி வானொலி. கென்டக்கியின் வொயிட்ஸ்பர்க்கில் ஆப்பல்ஷாப் என்ற கலை அமைப்பு 1969-லிருந்து இருக்கிறது. அவர்களுடைய டபிள்யூஎம்எம்டி நிலையம் 1985-லிருந்து ஒலிபரப்புகிறது. 2022 ஜூலை வெள்ளத்தில் அந்தக் கட்டடமே மூழ்கி, ஆவணங்கள் சேற்றில் கிடந்தன, ஆனாலும் மீண்டு வந்தார்கள். இணையத்தில் கேட்கலாம். ஒரு வாரம் சமைக்கும்போது ஓடவிடுங்கள், இரண்டு மூன்று பெயர்கள் காதில் தங்கிவிடும்.

இவ்வளவு சின்ன வயதில் இப்படி எப்படி வாசிக்கிறார்கள் என்று ஆச்சரியப்படுவீர்கள். 2000-ல் வட கரோலினாவின் அலகேனி கவுண்டியில் ஒரு பள்ளி ஆலோசகர் தொடங்கிய ஜாம் என்ற திட்டம் ஒரு காரணம், ஜூனியர் ஆப்பலாச்சன் மியூசிஷியன்ஸ் என்பதன் சுருக்கம். பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்குப் பிடிலும் பாஞ்சோவும் கற்றுக்கொடுப்பார்கள், அது இப்போது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது.

டிக்கெட்டும் தயாரிப்பும்

சின்ன அறைகளில் டிக்கெட் பெரும்பாலும் 15 முதல் 30 டாலருக்குள் இருக்கும். அரங்கின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். இடையில் வேறு தளம் தேடலில் முதலில் வந்து நின்று இரட்டை விலை சொல்லும், ஏமாறாதீர்கள். ‘டோர்ஸ் 7, ஷோ 8’ என்று போட்டிருந்தால் கதவு ஏழுக்குத் திறக்கும், பாட்டு எட்டுக்கு. இருக்கை எண் இல்லாத இடங்களில் ஏழரைக்குள் போனால்தான் மைக்குக்கு அருகில் இடம். மது விற்கிற இடங்களில் வயது பார்ப்பார்கள், முப்பத்தெட்டு வயது மீசையோடு போனாலும் அடையாள அட்டை கேட்பார்கள், கொண்டுபோங்கள்.

வீட்டுக் கச்சேரி என்றும் ஒன்று உண்டு. யாரோ ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் முப்பது நாற்காலி போட்டுப் பாடகரை வரவழைப்பார், வாசலில் டிக்கெட் கிடையாது, ‘இவ்வளவு கொடுத்தால் நன்று’ என்று ஒரு தொகை சொல்வார்கள், பெரும்பாலும் முழுதும் பாடகருக்கே போகும். அழைப்பு கிடைத்தால் யோசிக்காமல் போங்கள், கையில் ஏதாவது சாப்பாட்டுப் பொருளோடு. ஒரு முறை நான் சுண்டல் கொண்டுபோனேன், பாஞ்சோக்காரர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

போவதற்கு முன்னால் அந்தப் பாடகரின் பாட்டில் இரண்டு மட்டும் கேளுங்கள், பாட்டு வரிகளைப் படித்துக்கொண்டே. அதற்கு மேல் வேண்டாம். மலைப் பேச்சு வழக்கு முதலில் புரியாது, இரண்டு பாட்டில் காது பழகிவிடும்.

பயணத்தில் கவனிக்க வேண்டியவை

மணி! இது என் சொந்த அனுபவம். நாஷ்வில்லில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன், அங்கிருந்து நாக்ஸ்வில் பக்கத்தில் ஒரு கச்சேரிக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு நிதானமாக டீ குடித்துக் கிளம்பினேன். நாஷ்வில் சென்ட்ரல் நேரம், நாக்ஸ்வில் ஈஸ்டர்ன் நேரம், ஒரே மாநிலம்தான். நடுவழியில் போன் தானாக ஒரு மணி நேரம் முன்னால் தாவியது. நான் நுழைந்தபோது ஓப்பனர் கிடாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். போன வருடம் அவர் பெயர் மூன்று பெரிய போஸ்டர்களில் பார்த்தேன், வயிறு எரிந்தது.

சிக்னலை நம்பாதீர்கள். மலையில் போன் அடிக்கடி செத்துவிடும். அதிலும் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் பக்கம், வானொலித் தொலைநோக்கிக்காக 1958-ல் உண்டாக்கிய அமைதி வளையம் இருக்கிறது, சுமார் 13,000 சதுர மைல். அதன் மையத்தை நெருங்க நெருங்க செல்போன் சேவையை எதிர்பார்க்கவே வேண்டாம். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அல்லது காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோங்கள்.

சாப்பாடு. சைவம் என்றால் கொஞ்சம் உஷார். சூப் பீன்ஸ் என்று கேட்கச் சாதுவாக இருக்கும், பெரும்பாலும் பன்றிக்கால் எலும்பு போட்டுத்தான் வேகவைப்பார்கள். பச்சை பீன்ஸிலும் பேக்கன் கிடக்கும். கேட்டு வாங்குங்கள். கார்ன்பிரெட் சூடாகக் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அதையும் பன்றிக் கொழுப்பில் சுட்டதா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் ஸ்வெட்டர், ஆகஸ்டிலும். சூரியன் இறங்கியதும் மலை குளிர்ந்துவிடும். திறந்தவெளி என்றால் குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டு எடுத்துப்போங்கள்.

உள்ளே போன பிறகு

இதுதான் முக்கியம். கேட்பதற்கென்றே உள்ள அறையில் பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது. பார் மாதிரி இடத்தில் கொஞ்சம் சத்தம் இருக்கும், ஆனால் இங்கே கிசுகிசுப்பே கேட்கும். என் முதல் கச்சேரிக்கு அடுத்த கச்சேரியில் மனைவியையும் கூட்டிப்போனேன். துணைக் கருவி எதுவும் இல்லாமல் ஒருவர் ஒரு பழைய பாலட் பாடினார், இங்கிலாந்திலிருந்து வந்து இந்த மலையில் தங்கிப்போன கதைப்பாட்டு, இருபது கண்ணி இருக்கும். நான் நல்லெண்ணத்தோடு வரிக்கு வரி மனைவிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முன்வரிசைப் பாட்டி ஒருவர் திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தார். அதோடு மொழிபெயர்ப்பு நின்றது. பாடி முடிந்த பிறகும் ஒரு கணம் யாரும் கைதட்டவில்லை, கடைசிச் சொல் அடங்கட்டும் என்று விட்டுப் பிறகுதான் தட்டினார்கள்.

கைதட்டுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. புளூகிராஸில் ஒருவர் தனிச்சுற்று வாசித்து முடித்ததும், பாட்டு நடுவிலேயே தட்டலாம். ஓல்ட் டைமில் முடிவில்தான். தாளத்துக்குத் தட்டுவது என்றால் முதலில் மற்றவர்கள் தட்டுகிறார்களா என்று பாருங்கள். நாற்பது பேர் அறையில் ஒருவர் தாளம் தப்பினால் மேடையில் உள்ளவர் கால் தடுமாறும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பாஞ்சோக்காரர் பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்த்துக்கொண்டே இருப்பார். பாதி நேரம் சுருதி சேர்ப்பது, மீதி நேரம் சுருதி சேராமல் வாசிப்பது என்று அவர்களே சொல்லிக்கொள்ளும் பழைய ஜோக் உண்டு. புதியவர்கள் இதைக் குறை என்று நினைத்து அந்த நேரத்தில் பீர் வாங்க எழுந்து போய்விடுவார்கள். போகாதீர்கள். ஒவ்வொரு மெட்டுக்கும் தந்திகளை வேறு சுரங்களில் கட்டுவது அவர்கள் முறை. சாதாரண ஜி டியூனிங்கில் இருந்து இரண்டாவது தந்தியை மட்டும் அரைச் சுரம் ஏற்றினால் ‘சாமில்’ டியூனிங், மரமறுக்கும் பட்டறையின் பெயர். ஒரே ஒரு தந்தி, ஒரு மயிரிழைத் திருகல், அவ்வளவுதான், அந்தச் சிரிப்பான வாத்தியம் உடனே தனிமையில் புலம்ப ஆரம்பித்துவிடும். அந்தத் திருகல் நடப்பதைக் கண்ணால் பாருங்கள். ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை, அதன் முளை கழுத்தின் பக்கவாட்டில், பாதி வழியில் நிற்கும். அதைப் பெரும்பாலும் அழுத்தி வாசிப்பதே இல்லை, கட்டைவிரல் தட்டத் தட்ட ஒரே சுரம் ஓடிக்கொண்டே இருக்கும். தம்புரா பழகிய காதுக்கு அது எங்கே இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று, திருகிக்கொண்டே அவர்கள் பேசுவார்கள். இந்தப் பாட்டு யாரிடம் கற்றது, தாத்தா எந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், எந்த வெள்ளத்தில் எந்த வீடு போனது, எல்லாம் அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் வெளிவரும். பாட்டுகளில் நிலக்கரி வரும், போதை மாத்திரைக்குப் பலியான அண்ணன் வருவான், தேவாலயம் வரும், கொலைக்கதையும் வரும். கொலைக்கதைப் பாட்டுகள் இந்த மரபில் ஏராளம், மெட்டு குதூகலமாக இருக்கும், கேட்டுக்கொண்டே இருந்தால் மூன்றாவது கண்ணியில் ஒரு பெண்ணை ஆற்றில் தள்ளிவிடுவான். குழந்தையோடு போனால் இதற்குத் தயாராக இருங்கள்.

படம் எடுக்கலாமா? ஒரு பாட்டில் அரை நிமிடம், பிளாஷ் இல்லாமல். முழுக் கச்சேரியையும் கையைத் தூக்கிப் பிடித்து எடுக்காதீர்கள். ஊரறிந்த பாட்டைப் பாடு என்று கத்தவும் வேண்டாம், அது அவருடைய பாட்டாகக்கூட இருக்காது.

மேசைக்குப் போங்கள்

கச்சேரி முடிந்ததும் ஓரத்தில் ஒரு மேசை, அதில் சிடி, இசைத்தட்டு, டிஷர்ட். மேசைக்குப் பின்னால் நிற்பது சற்று முன் பாடிய அதே ஆள்தான், வேறு யாரும் வைத்துக்கொள்ள அவருக்கு வசதியில்லை. இணையத்தில் ஆயிரம் தடவை கேட்டாலும் அவருக்குச் சில டாலர்தான் சேரும், இங்கே ஒரு சிடி வாங்கினால் அன்றைய பெட்ரோலுக்குப் பாதி ஆகிவிடும். அதனால் கையில் ரொக்கம் வையுங்கள், ஐந்தும் ஒன்றுமாக. வென்மோ என்ற பணம் அனுப்பும் ஆப்பிலும் வாங்குவார்கள், ஆனால் சிக்னல் இல்லாத ஊரில் வென்மோ என்ன செய்யும். இலவசக் கச்சேரி என்றால் வாளியோ தொப்பியோ சுற்றி வரும், அது அலங்காரத்துக்கு இல்லை.

வாங்கும்போது இரண்டு வார்த்தை பேசுங்கள். ‘ரொம்ப நல்லா இருந்தது’ என்பதைவிட, எந்தப் பாட்டு, எந்த வரி என்று சொல்லுங்கள். ஒருவரிடம் அந்த சாமில் திருகலைப் பற்றிக் கேட்டேன். பெட்டியைத் திறந்து பாஞ்சோவை வெளியே எடுத்து, பத்து நிமிடம் மூன்று டியூனிங்கில் ஒரே மெட்டை வாசித்துக் காட்டினார். அறையைப் பெருக்குகிறவர் எங்களைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனார்.

கையில் வாத்தியம் வைத்துக்கொண்டு சிலர் வாசலில் வட்டமாக உட்கார்ந்திருந்தால் அது ஜாம், சும்மா கூடி வாசிப்பது, அந்தப் பள்ளித் திட்டம் இல்லை. பின்னால் நின்று கேட்கலாம், தப்பில்லை. வாசிக்கத் தெரிந்தவர் என்றாலும் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும், நடுவில் ஆளை நகர்த்திப் புகக் கூடாது. மிருதங்கம் கொண்டுவரலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அவர்களிடமே கேளுங்கள் என்றேன். இன்னும் கேட்கவில்லை.

திரும்பும்போது மெதுவாக ஓட்டுங்கள். இரவு பதினோரு மணிக்கு மலைச்சாலையில் மூடுபனி இறங்கும், மான் ஒன்று குறுக்கே போனால் பின்னாலேயே இன்னும் இரண்டு வரும். டாக்ஸி ஆப் எதுவும் அந்த நேரத்தில் வராது, குடிக்கிறவர் ஒருவர் இருந்தால் ஓட்டுகிறவர் யாரென்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கேயே அறை எடுத்துவிடுங்கள். ஃபிளாய்டில் தங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் கடையில் ஜாம் உண்டு.

அப்புறம் அந்த சிடி. முதல் கச்சேரியில் கையெழுத்தெல்லாம் வாங்கி, வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போகலாம் என்று காரில் ஏறிப் பார்த்தால், என் காரில் சிடி போடுகிற துளையே இல்லை. வீட்டிலும் இல்லை. இப்போதெல்லாம் டவுன்லோடு கார்டு உண்டா என்று மேசையிலேயே கேட்டுவிடுகிறேன்.